பழைய டூன் பக்கி வாங்கிச் சீரமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணலில் ஓட்ட ஒரு பழைய பக்கி வாங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கைமாறும் பழைய பக்கிகளில் ஏராளமானவை வோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வைத்துக் கட்டியவை. காற்றாலேயே குளிரும் எஞ்சின் அது. பதில்களும் அந்த வகை வண்டிகளைப் பற்றியவைதான்.

டூன் பக்கி, சாண்ட் ரெயில், பாஜா பக்னு மூணு பேர் சொல்றாங்க. எல்லாம் ஒரே வண்டியா?

இல்லை. பீட்டிலின் அடித்தட்டை வைத்துக்கொண்டு மேலே ஃபைபர் உடம்பை மாட்டினால் அது டூன் பக்கி. கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் 1964-ல் செய்த மேயர்ஸ் மேங்ஸ்தான் இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது. 1967-ல் முதன்முதலாக நடந்த மெக்சிகன் 1000 பந்தயத்தில் ஜெயித்ததும் ஒரு மேங்ஸ்தான். இன்று கிடைக்கும் ஃபைபர் பக்கிகளில் பெரும்பாலும் அதன் சாயல் இருக்கும்.

சாண்ட் ரெயில் என்பது குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய கூண்டு. உடம்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. பாஜா பக் முழுப் பீட்டில்தான், முன்னும் பின்னும் தகட்டை வெட்டி உயர்த்தியது. வாங்கும்போது இந்த வேறுபாடு கைகொடுக்கும். ஃபைபர் வண்டியில் கோளாறு அடித்தட்டின் துருவில் ஒளிந்திருக்கும், ரெயிலில் வெல்டு ஓரத்தில் இருக்கும். பாஜா பக்கில் இரண்டையும் தேட வேண்டும்.

முதல் தடவை வாங்கப் போறேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி நல்லா ஓடினா போதும்தானே?

போதாது. எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். கியர்பாக்ஸோடு அதைப் பிடித்திருப்பது நான்கே இடங்களில்தான். ஒரு டிராலி ஜாக் இருந்தால் இரண்டு பேர் ஒரு காலைப்பொழுதில் இறக்கிவிடலாம். உதிரி பாகமும் இன்றுவரை புதிதாகவே வருகிறது. வளைந்த ஃபிரேமுக்கும் துருவில் தின்னப்பட்ட அடித்தட்டுக்கும் அந்த வசதி இல்லை. ஃபிரேம், முன் பீம் (முன் சக்கரங்களைத் தாங்கும் குறுக்குக் குழாய்கள்), கியர்பாக்ஸ், பிரேக், அதன் பிறகு எஞ்சின் என்ற வரிசையில் பாருங்கள். விற்பவரிடம் "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தகராறு என்று சந்தேகப்படலாம்.

டார்ச், சின்ன காந்தம், அளவு டேப், ஜாக், கம்ப்ரெஷன் கேஜ், 21 மி.மீ. பிளக் ஸ்பேனர் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். இரும்புக் குழாயில் காந்தம் ஒட்டாத இடம் இருந்தால் அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள். பீட்டில் அடித்தட்டில் சேஸ் நம்பர், நடுவில் ஓடும் சுரங்கத்தின் மேல், பழைய பின் சீட் இருந்த இடத்தில் பொறித்திருக்கும். அது வண்டியின் தாள்களோடு ஒத்துப்போகிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள். தனியாகக் கட்டிய ரெயிலில் நம்பரே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் உங்கள் ஊரில் பதிவு செய்ய முடியுமா என்று விசாரித்த பிறகே மேற்கொண்டு பேசுங்கள்.

ஃபிரேம் புதுசா பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருக்கு. விரிசல் இருந்தா எப்படித் தெரியும்?

புதுப் பெயிண்ட் அடித்த ரெயில் என்றாலே ஒருபடி கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். பவுடர் கோட்டிங் தடிமனானது, மெல்லிய விரிசலை அப்படியே மூடிவிடும். பார்க்க வேண்டிய இடங்கள் பின் டார்ஷன் குழாய் (பின்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி உள்ளே இருக்கும் குழாய்) ஃபிரேமோடு சேரும் இடம், ஷாக் அப்சார்பரின் மேல் பிடி, முன் பீம் பிடிகள், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் குறுக்குக் குழாய். விரிசல் வெல்டின் நடுவில் வருவது அரிது; பெரும்பாலும் வெல்டு முடிந்து குழாய் தொடங்கும் ஓரத்தில்தான் வரும். அந்த ஓரத்தில் பெயிண்டுக்குள்ளிருந்து பழுப்புக் கோடு கசிந்திருந்தால் கிட்டத்தட்ட உறுதி.

வாங்கிய பிறகு பெயிண்டைச் சுரண்டி டை பெனட்ரன்ட் போட்டுப் பாருங்கள். இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து 10 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, துணியால் துடைத்தெடுத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பும். கோட்டின் மேல் இன்னொரு வெல்டு ஓட்டி மூடுவது வேலையே அல்ல. விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு, கோட்டை வி வடிவில் தோண்டி, அடி வரைக்கும் வெல்டு இறங்கச் செய்து, மூலையில் முக்கோணத் தகடு வைக்க வேண்டும். ஏன் உடைந்தது என்ற காரணமும் தெரிய வேண்டும். பெரும்பாலும் ஷாக் முழுவதும் அமுங்கி முட்டியிருக்கும்.

குழாயின் தடிமனையும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர்க் குழாயை வளைத்துக் கட்டிய கூண்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றைச் சீரமைக்க முயல வேண்டாம். எஞ்சின், கியர்பாக்ஸ் விலைக்குக் கிடைத்தால் பாகங்களுக்காக வாங்கலாம், அவ்வளவுதான்.

அடித்தட்டைக் குட்டையாக்கியிருக்காங்கன்னு சொல்றாங்க. அது ஆபத்தா?

சரியாகச் செய்திருந்தால் ஆபத்தில்லை. பீட்டிலின் வீல்பேஸ் சுமார் 2400 மி.மீ.; மேங்ஸ் வகை உடம்புக்கு அதில் ஏறத்தாழ 36 செ.மீ. வெட்டி எடுத்துவிட்டு மறுபடி சேர்ப்பார்கள். வண்டியின் முதுகெலும்பு நடுச் சுரங்கம். அந்த இணைப்பு முழுச் சுற்றளவிலும் வெல்டாகி, மேலே ஒட்டுத் தகடும் இருக்க வேண்டும். ஆங்காங்கே புள்ளி வைத்தாற்போல் வெல்டிங் தெரிந்தால் அதை மறுபடி வெட்டிச் செய்ய வேண்டியதுதான்.

சேஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்க, முன் பீமின் இடது முனையிலிருந்து பின் டார்ஷன் குழாயின் வலது முனைக்கு ஒரு அளவும், அதற்கு எதிர்மூலையில் இன்னொரு அளவும் எடுங்கள். இரண்டும் 5 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சுரங்கத்துக்குள் ஓடும் கியர் ராடு, கிளட்ச் கேபிள் குழாய், ஆக்சிலேட்டர் கேபிள் குழாய், பெட்ரோல் குழாய் ஆகிய நான்கையும் குட்டையாக்கிச் சேர்த்திருக்க வேண்டும். கியர் இறுக்கமாக விழுந்தாலோ கிளட்ச் கேபிள் அடிக்கடி அறுந்தாலோ இந்த இடத்தில்தான் கோளாறு.

பின் ஆக்சில் ஸ்விங் ஆக்சிலா, ஐ.ஆர்.எஸ்.ஸான்னு எப்படிப் பார்க்கறது? எது நல்லது?

கியர்பாக்ஸிலிருந்து சக்கரம் வரை ஒரு தடித்த மூடிய குழாய் போனால் ஸ்விங் ஆக்சில். மெல்லிய தண்டும் இரு முனையிலும் ரப்பர் பூட்டும் தெரிந்தால் ஐ.ஆர்.எஸ்., அதாவது இன்டிபென்டன்ட் ரியர் சஸ்பென்ஷன். ஸ்விங் ஆக்சில் எளிமையானது, உறுதியானது. ஆனால் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிப் பின்பகுதியைத் தூக்கிவிடும். கெட்டித் தரையில் கவிழ்வதற்கு இது ஒரு காரணம். இரண்டும் சம நிலையில் கிடைத்தால் ஐ.ஆர்.எஸ்.ஸை எடுங்கள்.

ஐ.ஆர்.எஸ்.ஸில் பராமரிப்பு கொஞ்சம் கூட. தண்டுகளின் முனைகளில் நான்கு சி.வி. ஜாயின்ட் (வளைந்தபடியே சுற்றும் மூட்டு), ஒவ்வொன்றுக்கும் 6 போல்ட், ஆக 24. இவை தளர்வதே இந்த வண்டிகளின் தீராத தொல்லை. போல்ட் தலையின் பல் குழியில் அடைந்த மண்ணை ஊசியால் தோண்டியெடுத்து, சாவி முழுதாக உள்ளே இறங்குவதைப் பார்த்த பிறகே திருப்புங்கள், இல்லாவிட்டால் தலை வழுவழுப்பாகிவிடும். முறுக்கு 35 நியூட்டன் மீட்டர்.

முன் சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டினா ஆடுது. பேரிங்கா, கிங் பின்னா?

முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அதே நேரம் இன்னொருவர் பிரேக்கை அழுத்தட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால், சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் அச்சாக இருக்கும் கிங் பின், லிங்க் பின் தேய்மானம். 1966 மாடலிலிருந்து வந்த பீம் என்றால் அவற்றுக்குப் பதில் பால் ஜாயின்ட். பேரிங்கை இறுக்கினால் பல நேரம் சரியாகிவிடும். கிங் பின் என்றால் புஷ் மாற்றி ரீமர் ஓட்ட வேண்டும்.

எஞ்சின் நல்லா இருக்கான்னு நானே சோதிக்க முடியுமா?

முடியும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னாலிருக்கும் கிராங்க் புல்லியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். சரியான எண்ட் ப்ளே (கிராங்க் முன்பின் நகரும் இடைவெளி) 0.07 முதல் 0.13 மி.மீ. வரை, அதாவது கைக்குத் தெரியவே கூடாது. 'டக்' என்று முட்டும் சத்தம் கேட்டால் எஞ்சின் கேஸிலேயே பேரிங் உட்காரும் இடம் அடிவாங்கியிருக்க வாய்ப்புண்டு. முழு ஓவர்ஹாலுக்கான செலவைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.

அடுத்து கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக் துளையில் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரால் சுற்றவையுங்கள். சாதாரண 1600 சி.சி. எஞ்சினில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் வருவது நல்லது, 85-க்குக் கீழ் என்றால் தேய்ந்துவிட்டது. ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. மணலில் ஓடிய வண்டியில் நான்குமே சமமாகக் குறைந்திருந்தால், ஏர் ஃபில்டர் வழியே மணல் உள்ளே போயிருக்கிறது. ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாயின் உட்சுவரில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். நெறுநெறுவென்றால் சந்தேகமே வேண்டாம்.

வண்டி பல வருஷமா நிக்குது. பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிடலாமா?

கூடாது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 முதல் 10 மி.லி. எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டை 30 மி.மீ. ஸ்பேனரால் மெல்லச் சுற்றுங்கள். மாட்டினால் முரட்டுத்தனம் வேண்டாம். முன்னும் பின்னுமாக அசைத்து விடுவியுங்கள்.

சுதந்திரமாகச் சுற்றினால் பழைய ஆயிலை வடித்து, அடியிலுள்ள வலையைக் கழுவி, 2.5 லிட்டர் புது ஆயில் ஊற்றுங்கள். வலையின் மூடியைப் பிடிக்கும் ஆறு சின்ன நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் போனால் மரை போய்விடும். வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ. வையுங்கள். தொட்டியில் மிச்சமுள்ள பெட்ரோலை முழுதாகக் கொட்டிவிடுங்கள். பிளக் இல்லாமலே, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விளக்கு அணைந்த பிறகே பிளக்கை மாட்ட வேண்டும். இக்னிஷன் வரிசை 1-4-3-2. வயர் மாற்றி மாட்டியதால் ஓடாமல் போய் 'எஞ்சின் போச்சு' என்று விற்கப்பட்ட வண்டிகள் உண்டு.

வாங்கியாச்சு. இனி எந்த வரிசையில் வேலை செய்யணும்?

முதலில் நிற்க வேண்டும், பிறகு திரும்ப வேண்டும், ஓடுவது அதற்கப்புறம். பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் குழாய், ஒயரிங் முடிந்த பிறகு எஞ்சினுக்கு வாருங்கள். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

கழற்றும்போது போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். எல்லாப் பாகத்தையும் வெறும் இரும்பிலேயே ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பாருங்கள்: சீட், பெடல், சைலன்சர், பேட்டரிப் பெட்டி, பெல்ட் பிடி எல்லாம். எங்கெங்கே சின்னத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். பவுடர் கோட்டிங் முடிந்த பிறகு ஒரு பிடியை மறந்துவிட்டதாகக் கண்டுபிடிப்பது பலருக்கும் நடப்பதுதான். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள். காலி பெட்ரோல் தொட்டியில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

பின் சக்கரத்து பெரிய நட்டு அசையவே மாட்டேங்குது.

அது 36 மி.மீ. நட்டு, ஸ்விங் ஆக்சிலில் சுமார் 295 நியூட்டன் மீட்டரில் இறுக்கியது. டயர் தரையில் இருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டி ஏறி நில்லுங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை முன்பே எடுத்தீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. இது தளர்வாக ஓடினால் டிரம்மின் உட்பல்லை ஆக்சில் அரைத்துத் தின்றுவிடும்.

பின்பக்கம் தாழ்ந்து போச்சு. டார்ஷன் பாரை நானே மாற்றி வைக்கலாமா?

வைக்கலாம், கவனமாக. டார்ஷன் பாரின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி, வெளியே ஒரு பல் நகர்த்தினால் 8 டிகிரிக்குச் சற்று மேல். உள்ளே ஒரு பல் முன்னும் வெளியே ஒரு பல் பின்னுமாக வைத்தால் நிகர மாற்றம் ஒரு டிகிரிக்கும் குறைவு. உயரத்தை நுணுக்கமாகச் சரிசெய்வது இப்படித்தான். வேலையைத் தொடங்கும் முன், பாரையும் சக்கரத்தையும் இணைக்கும் தகடான ஸ்பிரிங் பிளேட் இப்போதிருக்கும் கோணத்தை இரு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். பழைய பாரின் முனையில் எல், ஆர் குறி இருக்கும். பக்கம் மாற்றிப் போட்டால் நாளடைவில் உடையும்.

ஸ்பிரிங் பிளேட் அதன் கீழ்த் தடையில் முறுக்கோடு உட்கார்ந்திருக்கும். ஜாக்கும் சங்கிலியும் இல்லாமல் நெம்பினால் பாய்ந்து வரும், காலோ விரலோ போகும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த வண்டிதானே, காத்து நேரா படுது. எஞ்சின் மேல இருக்கிற தகரமெல்லாம் எதுக்கு? கழற்றிடலாமா?

கழற்றவே கூடாது. வெளிக்காற்று இந்த எஞ்சினைக் குளிர்விப்பதில்லை. ஃபேன் தள்ளும் காற்றைச் சிலிண்டர் துடுப்புகளுக்கிடையே போகவைப்பது அந்தத் தகரம்தான். முக்கியமாக, சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும் இரு தடுப்புத் தகடுகள் வெளியே தெரியாததால் பல வண்டிகளில் காணாமல் போயிருக்கும். தேடிப் பிடித்து மாட்டுங்கள்.

பழைய வகையில் ஆயில் கூலர், ஃபேன் கூட்டுக்குள் மூன்றாவது சிலிண்டருக்கு நேர்மேலே நிற்கும். அதாவது இடப்பக்கம் முன்னால் இருப்பது. கூலரைக் கடந்து வருவதால் அந்தச் சிலிண்டருக்குச் சூடான காற்றே போய்ச்சேரும். எக்சாஸ்ட் வால்வு தலை முறிவதும் பெரும்பாலும் அங்கேதான். 1971-லிருந்து வந்த கூட்டில் கூலரை வெளியே தள்ளி வைத்தார்கள். ஓவர்ஹால் செய்வதானால் அந்தக் கூட்டுக்கு மாறிவிடுங்கள். டைமிங்கையும் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) பாருங்கள்: எஞ்சின் 3000 சுற்றுக்கு மேல் ஓடும்போது மொத்த அட்வான்ஸ் 28 முதல் 32 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

கியர்பாக்ஸைப் பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது?

ஓட்டித்தான். ஒவ்வொரு கியரிலும் வேகம் கூட்டி, சட்டென்று ஆக்சிலேட்டரை விடுங்கள். கியர் தானாக வெளியே குதித்தால் உள்ளே தேய்மானம். கியரை இறக்கும்போது கரகரவென்றால் சிங்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம், தேய்ந்திருக்கிறது. ஊளை மாதிரி சத்தம் வேகத்தோடு ஏறினால் பேரிங் அல்லது கிரவுன் பினியன். ஆயில் மாற்றும்போது முதலில் ஊற்றும் அடைப்பைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள், அப்புறம் வடிக்கும் அடைப்பு. ஜி.எல். 4 தரத்தில் 80 டபிள்யூ 90, சுமார் 2.5 லிட்டர். வடித்த ஆயிலில் மினுமினுப்புத் தூள் கொஞ்சம் இருப்பது வழக்கம், உலோகச் சில்லு இருக்கக் கூடாது.

கிளட்ச் விடும்போது வண்டி நடுங்குது. கிளட்ச் பிளேட் மாத்தணுமா?

அவசரப்பட வேண்டாம். கிளட்ச் கேபிள் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து கியர்பாக்ஸுக்குப் போகும் வளைகுழாயைப் பாருங்கள். அது 25 முதல் 45 மி.மீ. வரை கீழ்நோக்கித் தொய்ந்து வளைந்திருக்க வேண்டும். நேராக இருந்தால் வாஷர் சேர்த்து வளைவைக் கூட்டுங்கள். பல வண்டிகளில் நடுக்கம் இதோடு நின்றுவிடும். அடித்தட்டைக் குட்டையாக்கியவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது.

ஃபைபர் உடம்பில் விரிசல் இருக்கு. பட்டி போட்டுப் பெயிண்ட் அடிச்சா நிக்குமா?

ஒரு சவாரிக்கு நிற்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். விரிசலின் முனைகளில் 3 மி.மீ. துளை போட்டு, உள்பக்கம் இரு ஓரங்களையும் தகட்டின் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மேட்டை மூன்று நான்கு அடுக்காக, சின்னதிலிருந்து பெரிதாக வையுங்கள். பாலியெஸ்டர் ரெசின் மேட்டின் எடையைப்போல் இரண்டு மடங்கு; ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம். கூட ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். உள்ளே கெட்டியான பிறகு வெளிப்பக்கக் கோட்டைத் தோண்டி நிரப்புங்கள். தேய்க்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

இந்த வண்டிகள் தீப்பிடிக்கும்னு சொல்றாங்களே?

பிடிக்கும், காரணமும் தெரிந்ததுதான். கார்புரேட்டருக்குள் அழுத்திச் செருகிய பித்தளைக் குழாய் தளர்ந்து கழன்றால் பெட்ரோல் நேராக டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் கொட்டும். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் கனமான ஃபில்டரைத் தொங்கவிடுவது இதைத் துரிதப்படுத்தும். ஃபில்டரைத் தொட்டிப் பக்கம், எஞ்சினை விட்டுத் தள்ளி வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னும் என்பதால் குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

எஞ்சின், கியர்பாக்ஸ் கேஸ்கள் மெக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்ட பிறகு தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் மூர்க்கமாகும். கைக்கெட்டும் இடத்தில் உலர் பவுடர் அணைப்பான் வைப்பது, பெட்ரோல் தீயை மெக்னீசியம் வரை போகவிடாமல் முதல் சில விநாடிகளிலேயே நிறுத்தத்தான்.

சீட்டுக்கு நடுவில் ரெண்டு பிரேக் லீவர் இருக்கு. எதுக்கு?

திரும்பும் பிரேக். ஒன்றை இழுத்தால் அந்தப் பக்கத்துப் பின் சக்கரம் மட்டும் பிடிக்கும்; மணலில் முன் சக்கரம் வழுக்கும்போது வண்டியைத் திருப்ப அதுதான் வழி. சீரமைக்கும்போது பெடலிலிருந்து பிரேக் ஆயில் வரும் வழி தடையில்லாமல் நான்கு சக்கரத்துக்கும், அல்லது பிரேக் உள்ள சக்கரங்களுக்கும் போகிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பிரேக் குழாய்களில் சிக்கிய ஏரை எடுக்கும்போது லீவர் சிலிண்டர்களிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அதை மறந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

1600 எஞ்சின் போதுமா, 1776 ஆக்கிடலாமா?

சீரமைத்த முதல் வருடத்துக்கு 1600 போதும். 90.5 மி.மீ. பிஸ்டனும் 69 மி.மீ. ஸ்ட்ரோக்கும் சேர்ந்தது 1776. சிலிண்டர் சுவர் தடிமனாக நிற்பதால் நல்ல தேர்வுதான். ஆனால் கேஸையும் ஹெட்டையும் கடைசலில் பெரிதாக்க வேண்டும், சூடும் கூடும். மேலே சொன்ன தகரமும் கூலரும் சரியாகாத வண்டியில் இதைச் செய்வது வீண் செலவு.

டயரில் எவ்வளவு காற்று? பழைய பெல்ட், கூண்டு அப்படியே வைக்கலாமா?

மென்மணலில் எடை குறைந்த பக்கிக்குப் பின்னால் 8 முதல் 12 பி.எஸ்.ஐ.யில் தொடங்கிப் பார்த்துக் குறைக்கலாம். பீட்லாக் (டயர் ஓரத்தை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத ரிம்மில் அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் கழன்றுவிடலாம். மணலைத் தள்ளத் துடுப்புபோன்ற பட்டைகள் உள்ள டயரைத் தார்ச்சாலையில் ஓட்டாதீர்கள்.

பழைய சீட் பெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். வெயில் பட்ட நாடா வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வலு இழந்திருக்கும், எஸ்.எஃப்.ஐ. 16.1 என்ற பந்தயப் பாதுகாப்புத் தர முத்திரை உள்ள பெல்ட்டுக்கே முத்திரைத் தேதியிலிருந்து 2 வருடம்தான் கெடு. ஃபைபரில் மட்டும் போல்ட் போட்ட ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி) அழகுக்கு மட்டும்தான், அது அடித்தட்டிலோ ஃபிரேமிலோ பிடித்திருக்க வேண்டும்.

எல்லாம் பூட்டி முடிச்சாச்சு. முதல் ஓட்டத்தில் எதைக் கவனிக்கணும்?

அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். 24 சி.வி. போல்ட், வீல் போல்ட், பின் ஆக்சில் நட்டு, ஷாக் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு வால்வு இடைவெளியையும். புதிதாக வெல்டிங் செய்த இடங்களைத் துடைத்துப் பாருங்கள். முதல் ஆயிலைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். ஒரு மேட்டுக்கு அந்தப்பக்கம் வருபவருக்கு உங்கள் வண்டி தெரியாது, அதனால் உயரமான கொடிக்கம்பு இல்லாமல் மணல்மேட்டில் இறங்க வேண்டாம்.